கேட்க வந்தவள்

மருத்துவமனையில் அவளுக்கு விழுந்த பெயர் ‘விழுங்கு டீச்சர்’. பக்கவாதம் வந்தவர்களுக்குப் பேச்சோடு சேர்ந்து விழுங்குகிற வித்தையும் மறந்துபோகும். பிறந்த குழந்தைக்கே தெரிந்த வித்தை அது. அதைத் தலை நரைத்தவர்களுக்கு முதலிலிருந்து கற்றுக்கொடுப்பதுதான் அவள் பிழைப்பு. தாடையைத் தாழ்த்துங்கள், நாக்கை மேலே அழுத்துங்கள், இப்போது விழுங்குங்கள், மிச்சம் இருக்கும், இன்னொரு தரம் விழுங்குங்கள். காலை முழுவதும் இதைச் சொல்லிவிட்டுத் தன் மதியச் சாப்பாட்டைத் திறந்தால், முதல் வாய் உள்ளே இறங்கும்போது தன் தொண்டையைத் தானே வேவு பார்ப்பாள்.

வேலையில் அவளைக் குறை சொல்ல ஆள் கிடையாது. அது மட்டும் போதாது என்று அவளுக்கே தோன்றித்தான் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தாள். விழுங்க முடியாதவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பது ஆய்வு. காலையில் மருத்துவமனை, பிற்பகலில் வீடு வீடாகப் போய் நேர்காணல். தெரிந்த முகம் என்பதால் எல்லோரும் கதவைத் திறந்தார்கள். வாயைத்தான் திறக்கவில்லை.

“நீங்க சொன்ன மாதிரியே செய்யறோம்மா” என்றார்கள். எந்த வீட்டுக்குப் போனாலும் இதே பல்லவி. தலையணை உயரத்தைக் காட்டினார்கள். புரையேறாமல் இருக்கத் தண்ணீரைக் கெட்டியாக்கும் பொடி டப்பாவைத் திறந்து காட்டினார்கள். கஷ்டமாக இருக்கிறதா என்றால், கஷ்டமெல்லாம் இல்லை என்றார்கள்.

பதிவுகளைக் கேட்ட நெறியாளர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். சமூகவியல் துறைப் பேராசிரியை. பாராட்டுவதற்குக் காசு கேட்பவர் என்று மாணவர்கள் சொல்வார்கள்.

“இது நேர்காணல் இல்ல, வாய்மொழித் தேர்வு. நீங்க கேள்வி கேக்கறீங்க, அவங்க பாஸ் பண்ணப் பாக்கறாங்க.”

“என்னைத் தெரியும்கறதாலதானே மேடம் உள்ளயே விடறாங்க?”

“அதேதான் தொல்லை. ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால்னு நிக்கறீங்க. செருப்பக் கழட்டற மாதிரி அந்தத் தெரபிஸ்ட்ட வாசல்லயே கழட்டி வெச்சுட்டுப் போங்க.”

அது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. கழற்றத் தெரியாதவள் என்று யாரும் அவளைச் சொன்னதில்லை.

அடுத்த வீடு ஏலக்காரர் வீடு. துறைமுகத்தை ஒட்டிய மீன் சந்தையில் விடியற்காலை ஏலம் விட்டே வாழ்ந்தவர். கூட்டத்துக்கு நடுவே கவிழ்த்துப் போட்ட கூடையின்மேல் ஏறி நின்று கத்தினால், கடைசி வரிசையில் இருப்பவன் பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்துக்கொள்வான் என்பார்கள். பக்கவாதம் வந்து வலக் கையையும் காலையும் பேச்சையும் எடுத்துக்கொண்டது. மிஞ்சியது ஒரே சொல். ‘சரி.’ பசித்தாலும் சரி, வலித்தாலும் சரி, போ வெளியே என்றாலும் சரி. குரலின் ஏற்ற இறக்கத்தை வைத்து அர்த்தம் பிடிக்கவேண்டும். அவர் மனைவி பிடித்துவிடுவார்.

அந்த அம்மாவை மருத்துவமனையில் எல்லோருக்கும் பிடிக்கும். வாய்த்துடுக்கு. பொடி கலக்கப் பழக்கிய நாளில் அளவுக் கரண்டியைத் தூக்கிப் பார்த்து, “கல்யாணம் பண்ணும்போது இந்தக் கரண்டியக் காட்டியிருந்தா அப்பவே ஓடியிருப்பேன்” என்று சொல்லி வார்டையே சிரிக்கவைத்தவர்.

வீடு ஒரு டயர் கடைக்கு மேலே, மாடியில். கீழே காற்றடிக்கும் இயந்திரம் தடதடத்து ஓய்ந்து மறுபடி தடதடத்தது. முன்னறையில் இரண்டு நாற்காலி, மடக்கி வைத்த சக்கர நாற்காலி, மாத்திரைத் தட்டு, ஆணியில் தொங்கும் அளவுக் கரண்டி. உள்ளறையில் ஏலக்காரர் தூங்கிக்கொண்டிருந்தார். மகன் ஒரு சரக்குக் கப்பல் கம்பெனியில் கணக்குப் பார்ப்பவன். வருவதற்குச் சாயங்காலம் ஆகும்.

“வாங்க டீச்சர். பொடி கலக்கிக் காட்டணுமா?”

“வேண்டாம்மா. இன்னைக்கு நான் பாக்க வரல. கேக்க வந்தேன்.”

“கேக்கறதுன்னா? திட்டறதா, விசாரிக்கறதா?”

“ரெண்டும் இல்ல. நீங்க பேசறதக் காதால கேக்கறது.”

முதலில் வாசித்துக்காட்ட வேண்டியதை வாசித்துக் கையெழுத்து வாங்கினாள். யார் உயிருக்காவது ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் உரியவர்களிடம் சொல்ல வேண்டிவரும் என்று அதில் ஒரு வரி உண்டு. அந்த வரி வந்தால் ஜனங்களின் முகம் சுருங்குவதை அவள் பார்த்திருந்தாள். எனவே ரயில் நிலைய அறிவிப்பைப் போல அதை வேகமாகச் சொல்லி அடுத்த வரிக்குத் தாவினாள். பிறகு கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டாள். அம்மா அதைக் கண்கொட்டாமல் பார்த்தார்.

“இப்ப நான் ஆஸ்பத்திரி ஆள் இல்லம்மா. நீங்க சொல்றது டாக்டருக்குப் போகாது. உங்க பையனுக்கும் போகாது. உங்க பேர்கூட எங்கயும் வராது.”

“டீச்சருக்கு?”

“எந்த டீச்சருக்கு?”

“அதான், ஆஸ்பத்திரில வெள்ளக் கோட்டு போட்டுட்டு ஒரு டீச்சர் இருக்காங்களே, ரொம்பக் கண்டிப்பு. அவங்களுக்குப் போகாதுல்ல?”

இருவரும் சிரித்துவிட்டார்கள். சிரித்துக்கொண்டே அவள் சொன்னாள்: “அவங்களுக்கும் போகாது.”

கொஞ்ச நேரம் பழைய பல்லவிதான் ஓடியது. பிறகு கீழே இயந்திரம் ஓய்ந்தபோது அம்மா குரலைத் தாழ்த்தினார்.

“ஆரம்பத்துல எல்லாம் நீங்க சொன்னபடிதான். டீல பொடி போட்டுக் கலக்குவேன். போஸ்டர் ஒட்டற பசை மாதிரி ஆகும். அத ஸ்பூன்ல எடுத்து ஊட்டுவேன். மனுஷன் மார்க்கெட்டுல டீ குடிச்சே தொண்டைய வளத்தவரு. ஒரு நாள் கப்பைத் தட்டி விட்டுட்டாரு. செவுரெல்லாம் பசை. தொடைக்கத் தொடைக்க இழுத்துட்டு வருது. எனக்கு வந்துச்சே ஆத்திரம்! ‘உங்களோட மாரடிக்க என்னால ஆகாது, போய்ச் சேருங்க’ன்னு கத்திட்டேன். அவர் ‘சரி’ன்னாரு.”

அம்மா உள்ளறைப் பக்கம் பார்த்தார்.

“எத்தனையோ சரி கேட்டிருக்கேன். இது வேற. ஒத்துக்கற சரி. அப்படியே ஒடம்பு ஜில்லுன்னு ஆயிடுச்சு.”

நல்ல நேர்காணலில் மௌனத்தை அவசரப்பட்டு நிரப்பக்கூடாது என்று அவள் படித்திருந்தாள்.

“மறுநாள் மத்தியானம் எனக்குன்னு ஒரு டீ போட்டு, அவர் பக்கத்துல போய் உக்காந்து குடிச்சேன். அவர் மோந்து பாத்தாரு. கொழந்த மாதிரி. ஒரு வாய்தானேன்னு சாசர்ல ஊத்திக் கொடுத்தேன்.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, தெனமும்தான்.”

“இருமுவாரா?”

கேட்ட பிறகுதான் அது யாருடைய கேள்வி என்று அவளுக்கு உறைத்தது. வாசலில் கழற்றி வைத்தவள் எட்டிப்பார்த்துவிட்டாள். அம்மாவுக்கு அது தெரியவில்லை.

“இருமாம இருப்பாரா? கண்ணு பிதுங்கிடும். புரையேறினா யாரோ நெனைக்கறாங்கன்னு சொல்வாங்க. இவருக்கு ஏறற புரைக்கு மார்க்கெட்டே திரண்டு நெனச்சுட்டிருக்கணும்.” சிரித்தார். “கீழ டயர் கடைக்காரன் காதுல விழுந்து பையன்கிட்ட வத்தி வெச்சுடப்போறான்னு ஜன்னலச் சாத்திடுவேன். இருமி முடிச்சதும் சிரிப்பாரு, டீச்சர். பாதி வாய்தான் சிரிக்கும். எனக்கு அது போதும்.”

“உடம்பு எப்படி இருக்கு அவருக்கு?”

“நடுவுல ரெண்டு தடவ காய்ச்சல் வந்துச்சு. சளி. மாத்திரைக்கு அடங்கிடுச்சு.”

ஏலக்காரர் விழுங்கும்போது எடுத்த எக்ஸ்ரே வீடியோவை ஓடவிட்டுப் பார்த்தவளே அவள்தான். கழுத்துக்குள் கறுப்பாக இறங்கும் திரவம் பின்குழாய்க்குப் போகாமல் முன்குழாயில், மூச்சுக்குழாயில், நழுவியது. இருமல் அந்த வீட்டில் ஒரு வேடிக்கையாக இருந்தது. நுரையீரலில் அது சீழாக மாறிக்கொண்டிருக்கும்.

சொல்வதற்கு எவ்வளவோ இருந்தது. நிறுத்து என்றுகூடச் சொல்லவேண்டாம். சாசர் வேண்டாம், சின்ன ஸ்பூன் போதும். நிமிர்த்தி உட்காரவைத்து, தாடையை மார்போடு சேர்க்கச் சொல்லுங்கள். முதலில் வாயை நன்றாகச் சுத்தம் செய்யுங்கள். பால் இல்லாமல் கொடுங்கள். ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் நடுவில் மூச்சு வாங்கவிடுங்கள். ஆபத்து போகாது, குறையும். நாலைந்து வாக்கியம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்.

ஆனால் மேசைமேல் போன் ஓடிக்கொண்டிருந்தது. அதன் சின்னச் சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. வாரக்கணக்கில் வீடு வீடாக அலைந்து இப்போதுதான் ஒரு வாய் திறந்திருக்கிறது. இவள் டீச்சராக மாறிய அந்த நொடியே அது மூடிக்கொள்ளும். வெண்ணெய் திரண்டு வரும் நேரத்தில் தாழியை உடைப்பானேன்?

“அந்த நேரத்துல உங்க மனசுல என்னம்மா ஓடும்?” என்று கேட்டாள்.

அம்மா யோசித்தார். “அவர் தொழில்ல ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்னு சொல்லித்தானே முடிப்பாங்க? ஆஸ்பத்திரில டாக்டருங்க ரெண்டு தரம் சொல்லிட்டாங்க. மூணாந்தரம் சொல்றதுக்குள்ள அந்த மனுஷன் நாலு டீ குடிச்சுட்டுப் போகட்டுமேன்னு ஓடும்.”

அவளுக்குக் கையெல்லாம் புல்லரித்தது. கண்ணும் கலங்கியது, பொய்யில்லை. ஆனால் அதே நேரம், இதுதான் என் ஆய்வின் தலைப்பு என்று உள்ளே ஒருத்தி குறித்தும்கொண்டாள்.

அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு நேராகக் கேட்டார். “நான் பண்றது தப்பா, டீச்சர்?”

“நீங்க என்ன நெனைக்கறீங்க?”

“நான் உங்களக் கேட்டேன்.”

“இன்னைக்கு நான் பதில் சொல்ல வரலம்மா. உங்க மனசுல இருக்கறதக் கேக்க மட்டும்தான்.”

அம்மா அவளை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். பிறகு அவர் முகம் இளகியது. தோளிலிருந்து எதையோ இறக்கி வைத்தவர்போல மூச்சுவிட்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று அப்போது அவளுக்குப் புரியவில்லை. கண்டிப்பான டீச்சரே கேட்டுக்கொண்டு கண்டிக்காமல் இருக்கிறாள் என்றால் அதில் பெரிய தப்பொன்றும் இல்லை என்று அம்மா எடுத்துக்கொண்டார்.

பேருந்தில் திரும்பும்போது இயர்போனைக் காதில் மாட்டிக்கொண்டு பதிவின் அந்த இடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். இறங்கவேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டாள்.

நெறியாளர் எழுத்தில் படித்துவிட்டு நிமிர்ந்தார். முதன்முறையாக, “இதுக்குத்தான் காத்துட்டிருந்தோம்” என்றார். அவள் தயங்கித் தயங்கி மற்றதைச் சொன்னாள். நுரையீரல், காய்ச்சல், எக்ஸ்ரே.

நெறியாளர் முகம் மாறியது. “உயிருக்கு ஆபத்தா?”

“இருக்கலாம் மேடம்.”

“இருக்கலாம்னா என்ன அர்த்தம்? எனக்கு அந்த வைத்தியம் தெரியாது. தெரிஞ்சவங்க நீங்க. ஆபத்துன்னா மொதல்ல அந்த அம்மாகிட்டயே போய்ப் பேசுங்க. வேற யாருகிட்டயும் இல்ல, அவங்ககிட்ட. இன்னைக்கே.”

இன்றைக்கே என்றுதான் கிளம்பினாள். வார்டில் புதிதாக இரண்டு பேர் சேர்ந்திருந்தார்கள். மறுநாள் என்று வைத்துக்கொண்டாள். மறுநாள் துறைக் கூட்டம். அதெல்லாம் சாக்கு என்று அவளுக்கே தெரியும். அந்த அம்மாவோடு இன்னொரு நேர்காணல் பாக்கி இருந்தது. தேதிகூடக் குறித்தாகிவிட்டது. அது முடிந்த கையோடு எல்லாவற்றையும் பக்குவமாகச் சொல்லிவிடலாம் என்று மனதின் ஒரு பாதி சொல்லும். பாம்பும் சாகாமல் கம்பும் முறியாமல் காரியம் முடிந்துவிடும். போனில் கூப்பிட்டாவது சொல் என்று மறுபாதி நச்சரிக்கும். போனை எடுப்பாள், வைப்பாள்.

அந்தத் தேதி வருவதற்குள் மகன் வந்துவிட்டான்.

புறநோயாளிகள் பகுதியில், எக்ஸ்ரே அறைக்கு வெளியே நின்றிருந்தான். சக்கர நாற்காலியில் ஏலக்காரர் தலை சாய்ந்து, மூச்சு இழுத்துக்கொண்டிருந்தார். அம்மா மருந்து வாங்கும் வரிசையில் நின்றிருந்தார்.

“மறுபடியும் காய்ச்சல் மேடம். எழுப்பினா கண்ணே தெறக்க மாட்டேங்கறாரு. நெஞ்சுல சளி கட்டியிருக்குன்னு டாக்டர் சொல்றாரு. அம்மா எல்லாம் நீங்க சொன்னபடிதான் செய்யறாங்க. எங்க தப்பு நடக்குதுன்னே தெரியல.” அவன் கண் அவள் முகத்தில் நின்றது. “உங்களுக்கு ஏதாவது தோணுதா?”

டாக்டரிடம் தனியாகச் சொல்லியிருக்கலாம். வரிசையில் நிற்கும் அம்மாவிடம் போய், நீங்களே சொல்லுங்கள், நான் பக்கத்தில் நிற்கிறேன் என்றிருக்கலாம். இதெல்லாம் பின்னால் தோன்றியவை. அந்த நேரத்தில் அவளுக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான். இந்த மனிதர் செத்துப்போனால், அந்தக் குரல் என் போனில் இருக்கிறது. எல்லாம் தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தவள் நான்.

“அம்மா அவருக்கு டீ குடுக்கறாங்க” என்றாள்.

“பொடி போட்டுத்தானே?”

“இல்ல. சாதா டீ. கொஞ்ச மாசமா, தெனமும்.”

அவன் முதலில் நம்பவில்லை. “உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“அவங்களே சொன்னாங்க.”

அதற்குள் அம்மா மருந்துப் பையோடு வந்துவிட்டார். மகன் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை. அழுகிற குரலில், சுற்றிலும் உட்கார்ந்திருந்தவர்கள் அத்தனை பேரும் கேட்கும்படி, “அப்பாவக் கொல்லப் பாத்தியாம்மா?” என்றான்.

அம்மா அவனைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை. ஏதோ ஒரு கணக்கைச் சரிபார்ப்பதுபோல அவள் முகத்தையும், கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையையும் மாறி மாறிப் பார்த்தார்.

நிமோனியா. உள்நோயாளியாகச் சேர்த்தார்கள். டாக்டர் அவளை அழைத்துப் பரிசோதிக்கச் சொன்னார். பரிசோதித்தாள். வாய்வழி ஒரு சொட்டுக்கூடக் கூடாது என்று சொன்னாள். அன்றைய நிலைமைக்கு அது சரியான முடிவு. எந்த டாக்டரும் அதையேதான் சொல்லியிருப்பார். மூக்கு வழியாக இரைப்பைக்குக் குழாய் போட்டார்கள். ஏலக்காரர் நல்லபடியாக இருந்த இடக் கையால் அதைப் பிடுங்கினார். மறுபடி போட்டார்கள், மறுபடி பிடுங்கினார். பஞ்சு வைத்த பெரிய கையுறையை மாட்டிக் கட்டில் கம்பியோடு கட்டினார்கள். அதற்குப் பிறகு அவர் ‘சரி’ சொல்வதையும் விட்டுவிட்டார்.

வார்டுக்கு வெளியே, குடிதண்ணீர்க் குழாய் அருகே, அவள் அம்மாவைப் பிடித்தாள். ஒத்திகை பார்த்து வைத்திருந்த வார்த்தை ஒன்றும் வரவில்லை.

“அம்மா, அவர் உயிருக்கு ஆபத்துன்னு ஆனதால…”

“அன்னைக்கு ஆபத்து இல்லையா?”

அவள் கழுத்திலிருந்த அட்டையைத் திருப்பிப் பிடித்தாள்.

“நான் கேட்டேனே டீச்சர். தப்பான்னு கேட்டேனே. தப்புன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னையோட நிறுத்தியிருப்பேன். இப்படிக் குடுங்கன்னு சொல்லியிருந்தா அப்படிக் குடுத்திருப்பேன். நீங்க ஒண்ணுமே சொல்லல. சரின்னு நெனச்சு, அன்னையிலேர்ந்து ஒரு சாசர் கூடவே குடுத்தேன்.”

“மன்னிச்சுடுங்கம்மா.”

“எங்கிட்டச் சொல்லவேண்டியத எங்கிட்டச் சொல்லல. அவன்கிட்டச் சொல்லக் கூடாதத அவன்கிட்டச் சொல்லிட்டீங்க.” குரல் உயரவே இல்லை. “அவன் இனிமே என்னைத் தனியா அவர் பக்கத்துல விடமாட்டான். ஒரு நர்சம்மாவுக்குச் சொல்லி வெச்சுட்டான்.”

“நீங்க பேசினத நான் அழிச்சுடறேன். உங்களுக்கு அந்த உரிமை இருக்கு. வேண்டாம்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும்.”

அம்மா காலிப் பாட்டிலைக் குழாயடியில் பிடித்தார். அது நிரம்பியது. மூடியைத் திருகிவிட்டுச் சொன்னார்:

“வெச்சுக்கோங்க. அதுக்குத்தானே வந்தீங்க.”

காய்ச்சல் தணிந்தபின் அவள் மகனிடம் பேசிப்பார்த்தாள். குழாய் இருக்கட்டும், ஆனால் நாளுக்கு ஒரு தரம், நான் பக்கத்தில் இருந்து, ரெண்டு ஸ்பூன் அவருக்குப் பிடித்ததைக் கொடுக்கலாம். ஆபத்து கொஞ்சம் இருக்கும். இருந்தாலும் அவருக்கு வேறு என்ன இருக்கிறது? அம்மா கையாலேயே கொடுக்கட்டும்.

மகன் அவளைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். “ஒரு சொட்டு தப்பினாலும் நுரையீரலுக்குப் போகும்னு படம் வரைஞ்சு காட்டினது நீங்கதானே? உங்க பேச்சைக் கேட்டதாலதான் அப்பா பொழைச்சாரு. இப்ப நீங்களே குடுக்கச் சொல்றீங்க?” பிறகு தணிந்த குரலில், “அம்மா உங்ககிட்ட அழுதாங்களா? அதெல்லாம் மனசுல போட்டுக்காதீங்க மேடம்” என்றான். அவன் நல்ல பிள்ளை. அதில் சந்தேகம் இல்லை.

குழாயோடு, கையுறையோடு, கூலிக்கு அமர்த்திய நர்சோடு அப்பாவை வீட்டுக்குக் கூட்டிப்போனான்.

அவள் அந்த நேர்காணலை எடுத்துவிடுவதாக நெறியாளரிடம் சொன்னாள். அவரும் உடைந்துதான் போயிருந்தார். “அன்னைக்கே போகச் சொன்னேனே” என்றார். பிறகு, நெறியாளர் என்பதால், “எடுக்கக் கூடாது. நடந்தத மறைக்காம எழுதுங்க. வைத்தியரும் ஆய்வாளரும் ஒரே ஆளா இருந்தா என்ன ஆகும்னு எழுதுங்க. அடுத்தவங்களாவது தப்பிப்பாங்க” என்றார்.

எழுதினாள். ‘இரட்டைப் பொறுப்பின் முரண்’ என்று அத்தியாயத்துக்குப் பெயர் வைத்தாள். எழுத எழுத மொழி வழுக்கிக்கொண்டு போனது. ‘ஆய்வாளர் தயங்கினார்’ என்று எழுதியபோது அது யாரோ ஒரு நல்ல பெண்ணுக்கு வந்த சோதனைபோலத் தெரிந்தது. ‘தகவலாளரின் நம்பிக்கை பாதிக்கப்பட்டது’ என்ற வரிக்குள் அந்த அம்மாவின் கண் இல்லை, பாட்டில் இல்லை. அழித்துவிட்டு, ‘பயந்துபோய்க் காட்டிக்கொடுத்தேன்’ என்று எழுதினாள். ஆய்வேட்டுக்கு ஒத்துவராத நடை என்று அதை அவளே மாற்றினாள்.

வாய்மொழித் தேர்வு அன்று அவையில் கூட்டம். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் அந்த அத்தியாயத்தைத்தான் எடுத்துக்கொண்டார். ஒரு தரம், ரெண்டு தரம் என்ற அந்த வாக்கியத்தை வாசித்துக்காட்டினார். அவையில் உச்சுக்கொட்டினார்கள். உயிராபத்து பற்றிய வரியை முன்கூட்டியே வாசித்துக் கையெழுத்து வாங்கியிருந்ததால் விதிமீறல் எதுவுமில்லை என்றார். ஆய்வாளர் தன்னைத்தானே விசாரித்துக்கொண்ட நேர்மை அபூர்வமானது என்றார். கைதட்டினார்கள். அவள் கும்பிட்டாள். குற்றவுணர்ச்சியும் மதிப்பெண்ணாக மாறியதை நினைக்க வாய் கசந்தது. ஆனாலும் கைதட்டல் நிற்கும்வரை கும்பிட்டுக்கொண்டுதான் நின்றாள்.

அதற்குப் பிறகு ஒரு நாள் காலை, மகன் அவள் அறைக்கு வந்தான். எடுத்த எடுப்பில், “அப்பா போயிட்டாரு மேடம்” என்றான். போன மாதம். தூக்கத்தில். குழாயோடு.

அவள் எழுந்து நின்றாள்.

“நீங்க அன்னைக்குச் சொல்லலைன்னா அப்பவே போயிருப்பாரு. அதுக்கப்புறம் ஒண்ணரை வருஷம் எங்ககூட இருந்தாரு. அதச் சொல்லிட்டுப் போகலாம்னுதான் வந்தேன்.” அவன் கண் நிறைந்திருந்தது. பசப்பு இல்லை. நிஜமான நன்றி.

“அம்மா?”

“அம்மாவ நெனச்சாத்தான் இப்பக் கவலையா இருக்கு. பேசறதே இல்ல மேடம். என்கிட்ட மட்டும்னு இல்ல, யாருகிட்டயும். கேட்டா ‘ம்’. அதுக்குமேல ஒண்ணும் வராது. முன்னாடி எப்படிப் பேசுவாங்கன்னு உங்களுக்கே தெரியும்.” தயங்கினான். “பேச்சு வரவைக்கறதும் நீங்கதானே பாக்கறீங்க? வெளியில உக்கார வெச்சிருக்கேன். ஒரு தடவ பாருங்களேன்.”

அது தொண்டையின் கோளாறாக இருக்காது என்றாள். பார்த்துத்தான் சொல்லுங்களேன் என்றான். வேறு ஒருவரிடம் அனுப்புகிறேன் என்று சொல்ல வாயெடுத்தாள். கதவு ஏற்கெனவே திறந்திருந்தது.

அம்மா வந்து நோயாளி நாற்காலியில் உட்கார்ந்தார். மெலிந்திருந்தார். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டார்.

மகன் நிற்கும்போது அவளால் வேறெதுவும் பேச முடியவில்லை. கையைக் கழுவினாள், உறை மாட்டினாள், விளக்கைப் போட்டாள். “வாயத் தெறங்கம்மா” என்றாள். திறந்தார். “நாக்க நீட்டுங்க.” நீட்டினார். வலப்பக்கம், இடப்பக்கம். சொன்னபடியெல்லாம் செய்தார். “ஆ சொல்லுங்க.”

“ஆ.”

கணீரென்று இருந்தது. எந்தக் குறையும் இல்லை. ஈறு, அண்ணம், உள்நாக்கு எல்லாம் ஆரோக்கியமாக, வெளிச்சத்தில் ஈரமாக மின்னின. இவ்வளவு அருகில் அந்த முகத்தை அவள் பார்த்ததே இல்லை. கண் மட்டும் அவளைத் தாண்டிச் சுவரில் இருந்தது.

விளக்கை அணைத்தாள். “எல்லாம் நல்லா இருக்கு” என்றாள், மகனைப் பார்த்து.

அம்மா எழுந்தார். கைப்பையின் ஜிப்பைச் சரிபார்த்தார். மகனிடம் திரும்பி, சாதாரணமாக, “போலாமா?” என்றார்.

மகன் வாயைப் பிளந்தான். பிறகு அவன் முகம் முழுக்க மலர்ந்தது. “பாத்தீங்களா மேடம், பேசிட்டாங்க! உங்க கை பட்டதுமே பேசிட்டாங்க!” அவள் கையைப் பிடித்துக் குலுக்கினான். உறையைக் கழற்றக்கூட விடவில்லை. அம்மா அதற்குள் வாசலைத் தாண்டிவிட்டார். அவன் பின்னாலேயே ஓடினான்.

அவள் உறைகளைக் கழற்றித் தொட்டியில் போட்டாள். வெளியே அடுத்தவரின் சக்கர நாற்காலி கதவில் இடித்துக்கொண்டு உள்ளே வந்தது.